கஜேந்திரன் வந்திருக்கிறார்

"கஜேந்திரன்?"

லெப்டொப்புக்குள்ளிருந்து விரிவுரையாளர் இரண்டாவது தரமும் கூப்பிட்டார். மயில்வாகனம் மூடுகிற பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார்.

மனிதர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். இறந்துபோன மகனின் லெப்டொப்பைத் தூசி தட்டலாமென்று திறந்தார். சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. 'வகுப்பு ஆரம்பம்' என்று திரையில் ஒரு கட்டம் துள்ளியது. மூடுகிறேன் பேர்வழி என்று எதையோ அழுத்தினார். நேரே வகுப்புக்குள் போய் விழுந்தார்.

கஜேந்திரன் டெங்குக் காய்ச்சலில் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. கணினி வலையமைப்புப் பட்டப்படிப்பில் இரண்டாம் வருஷம் முடித்து லீவில் நின்ற பிள்ளை. அவன் படித்த வளாகத்துக்கு அவர் அறிவிக்கவில்லை. அறிவிக்கிற நிலையில் வீட்டில் யார் இருந்தார்கள்? மூன்றாம் வருஷத்துக்குப் புதிதாக வந்த அஸ்ஃபர் சார், கையில் கிடைத்த பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார்.

"கஜேந்திரன் வரல்லையா? மூணு வகுப்புக்கு வராட்டிப் பேரை வெட்டிருவாங்க."

வெட்டுவதா? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் நாள் நட்சத்திரம் பார்த்துத் தேடித் தேடி வைத்த பெயர். மயில்வாகனம் லெப்டொப்புக்குக் கிட்டக் குனிந்தார். "ப்ரெசன்ட் சார்" என்று சொல்லிவிட்டார்.

வகுப்பில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்தார். பிறகு, குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று சார் கேட்டார். தொண்டை கட்டிவிட்டது என்றார். கெமராவைப் போடச் சொன்னார். அது உடைந்துவிட்டது என்றார். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாமாம். அவர் அரை நாளில் மூன்று பொய் சொல்லி மூன்றாம் வருஷத்தில் சேர்ந்துவிட்டார்.

மனைவி கலாராணிக்கு விஷயம் தெரிந்தபோது அறைக்குள்ளிருந்து எழுந்து வந்தாள். பிள்ளை போனதிலிருந்து அவள் படுத்த பாயை விட்டு எழுந்ததே அன்றைக்குத்தான்.

"செத்த பிள்ளைய வச்சு வெளையாடுறீங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். அவரும் அழுதார்.

அடுத்த சனிக்கிழமை சார் பெயரைக் கூப்பிட்ட நேரம், கலாராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கடுத்த சனிக்கிழமை, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண், பணிஸ் விற்க வந்த ஓட்டோவை கேற்றடியில் மறித்தாள். "சத்தத்தைக் கொறச்சிட்டுப் போங்க தம்பி. உள்ள கிளாஸ் நடக்குது" என்றாள். பிறகு சனிக்கிழமைகளில் தலை சீவினாள், சோறாக்கினாள், அவர் தட்டில் போட்டுவிட்டுத் தானும் இரண்டு வாய் சாப்பிட்டாள். இதைக் கண்ட பிறகு எந்தப் புருஷன் வகுப்பை நிறுத்துவான்?

மயில்வாகனம் கண்டி மாநகரசபைத் தண்ணீர்ப் பகுதியில் முப்பது வருஷம் குழாய் பார்த்தவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் மேல் தேத்தண்ணி வைக்கக்கூடாது என்பது மட்டுந்தான். ஒருநாள் சார், தகவலெல்லாம் ஒரே பாதையில் வந்து நெருக்கினால் என்ன செய்வாய் கஜேந்திரன் என்று கேட்டார்.

"ஹந்தானைப் பக்கம் அமுக்கம் கூடினா அம்பிட்டிய வால்வைத் தொறந்து விடணும் சார். இல்லாட்டிப் பைப்பு வெடிச்சிரும்."

வெட்கத்தில் காதைப் பொத்திக்கொண்டார். சாரோ, புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை என்று பாராட்டினார். அதோடு நின்றாரா? மின்ஹா, மோகனராஜ் என்ற இரண்டு பேரைச் சேர்த்து, கஜேந்திரனைக் குழுவுக்குத் தலைவராக்கினார்.

தலைவர் மகனின் போனில் "மதிப்புக்குரிய மின்ஹா அவர்களுக்கு, தாங்கள் நலமா" என்று தகவல் அனுப்பினார். இளசுகள் இப்படி எழுதுமா என்று கலாராணி தலையிலடித்துக்கொண்டாள். திருத்துகிறேன் என்று "ஓகேடா மச்சான்" என்று அனுப்பினார். ஒரு பெண்பிள்ளையை மச்சான் என்றுவிட்டோமே என்று பதறி, ஒன்றரைப் பக்கத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அந்தப் பிள்ளை எதற்கும் கோபிக்கவில்லை. "பரவால்ல கஜன், சாப்பிட்டியா? உம்மா எப்படி?" என்று அம்மாவையும் விசாரித்திருந்தாள்.

ஓர் அலுவலகத்துக்கு வலையமைப்பு வரைபடம் போடச் சொன்னார்கள். மயில்வாகனம் கட்டத்தாளில் குழாய்ப்படம் வரைந்து, முடக்கு முடக்காய் அளவும் போட்டு அனுப்பினார். அதற்கும் நல்ல புள்ளி. பாராட்டு வரவர மனிதருக்குப் பயம் கூடியது.

பயந்தது வீண்போகவில்லை. தவணை முடிவில் நேர்முகத் தேர்வு வந்தது. வளாகத்துக்கு நேரில் வரவேண்டும், அடையாள அட்டையும் கொண்டு வரவேண்டும். வராதவர் பெயர் நீக்கப்படும்.

காய்ச்சல் என்று சொல்லலாமென்று வாயைத் திறந்தார். அந்த ஒரு சொல் மட்டும் வெளியே வரவில்லை. ஆகவே இருபது வருஷத்துக்கு முன் காலமான தன் தகப்பனை மறுபடி சாகடித்து, தாத்தா இறந்துவிட்டார் என்றார். சார் அனுதாபம் சொல்லி ஒரு வாரம் தள்ளிப் போட்டார். மறுவாரம் கால் முறிந்தது என்றார். அப்படியானால் நானும் மோகனராஜும் ஓட்டோ பிடித்து வீட்டுக்கே வந்து தூக்கிக்கொண்டு போகிறோம் என்று மின்ஹா கிளம்பிவிட்டாள். தலைவர் அலறியடித்து, முறிந்த காலை ஐந்தே நிமிஷத்தில் சுகப்படுத்தினார்.

இனி ஒரு வழிதான். தானே போய், மகன் திடீரென்று கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான், திரும்பி வருவான், பெயரை மட்டும் விட்டு வையுங்கள் என்று கேட்பது. கலாராணி அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள். வாசல்வரை வந்தாள்.

"பேர வெட்ட விட்டுறாதீங்க. அதையும் வெட்டிட்டா எனக்குச் சனிக்கெழமை இல்லங்க" என்றாள்.

குண்டசாலையிலிருந்து கண்டி டவுன்வரை பஸ்ஸில் கட்டாரை மனப்பாடம் செய்தார். மண்டபத்தில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாம் அவன் வயசு. அதைப் பார்த்ததும் பாதி மறந்துபோனது.

"கஜேந்திரன்" என்று கூப்பிட்டார் அஸ்ஃபர் சார்.

மயில்வாகனம் எழுந்தார். சாரின் மேசைவரை நடந்து போனார்.

"நான் அவனோட அப்பாங்க. மகன் கட்டாருக்குப் போயிட்டான். சொகமா இருக்கான். வந்துருவான். வந்து படிப்பான். பேர மட்டும் வெட்டிறாதீங்க சார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அஸ்ஃபர் சார் குனிந்து பதிவேட்டில் அன்றைக்கும் 'வந்திருக்கிறார்' என்று அடையாளம் போட்டார். பர்தா போட்ட ஒரு பிள்ளை கதிரையொன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். அவரை மெல்லப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இரிங்க அங்கிள்" என்றாள். வகுப்பில் கேட்ட குரல், மின்ஹா என்று தெரிந்தது. "கஜன்ட செத்த வீட்டுக்கு, சந்தியிலிரிந்து ஒங்கட வாசல் வரைக்கும் வெள்ளைக்கொடி கட்டினது நாங்கதான்."