சண்டை இல்லாத நாளில் காட்டுமிராண்டிகள்

"காட்டுமிராண்டிங்க சண்டை போடாத நாள்ல என்ன பண்ணுவாங்க மாமா?"

முதலாளியின் மகள் ஒருநாள் கேட்ட இந்தக் கேள்விதான் கதைக்காரரின் தலையைச் சுற்ற வைத்தது.

அவர் வேலை பார்த்தது ஒரு சின்ன விளையாட்டுக் கம்பெனி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டு. அதில் வரும் அரசன், பூதம், ஊர், உலகம் எல்லாவற்றையும் எழுதித் தருபவர் என்பதால் அவருக்குக் கதைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அன்று பள்ளி விடுமுறை. மகளை அலுவலகத்துக்கு அழைத்து வந்த முதலாளி, அச்சகத்தாரோடு பேசப் போன இடத்தில் அவளைச் சுத்தமாக மறந்துபோனார். கதைக்காரர் தன் சாப்பாட்டில் பாதியை அவளுக்குக் கொடுத்தார். அட்டையில் கிரீடம் வெட்டித் தலையில் வைத்துவிட்டார். கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்டா கண்ணு."

சாயங்காலம் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்த முதலாளி, மகளைப் பார்த்தார், காலி டிபன் பாக்ஸைப் பார்த்தார். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கதைக்காரர் எதையும் எதிர்பார்க்கவில்லை. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டதற்கு நன்றி வாங்கினால் சாமி சிரிக்கும் என்பது அவர் எண்ணம்.

அடுத்த வாரம் முதலாளி அவரைக் கூப்பிட்டார். அப்போதெல்லாம் முதலாளி பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும்.

"புது விளையாட்டுக்கு ஒரு காட்டுமிராண்டிக் கூட்டம் வேணுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள. இதுவும் சரியா வரலைன்னா... கம்பெனி நிலைமை உங்களுக்கே தெரியும்."

தெரியும். போன இரண்டு விளையாட்டும் கிடங்கில்தான் தூங்கின. கதைக்காரர் அன்றே எழுதினார்: எப்போதும் கோபம், எதற்கெடுத்தாலும் கோடரி.

சோதித்துப் பார்க்க மேசை போட்டார்கள். ஓவியம் வரையும் பெண்ணும் பெட்டி கட்டும் ஆட்களும் காட்டுமிராண்டிகள். கணக்கர்தான் படையெடுத்து வரும் வீரர். அவர் ஊர் எல்லைக்கு வந்து சேர்வதற்குள், உட்காரும் பாறை யாருக்கு என்ற தகராறில் கூட்டம் மொத்தமும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்திருந்தது.

"நான் இப்ப யாரோட சண்டை போடறது?" கணக்கர் கத்தியும் கையுமாக நின்றார். "பொணங்க கிட்ட வழி கேக்கறதா?"

அப்போதுதான் குழந்தையின் கேள்வி கதைக்காரருக்கு நினைவு வந்தது. சண்டை இல்லாத நாளில் என்ன செய்வார்கள்? பட்ட கடனைத் தீர்ப்பார்கள்! காசுக் கடன் இல்லை, நன்றிக் கடன். நல்லது செய்தவனை, அந்தக் கடன் தீரும்வரை வெட்டக் கூடாது என்று ஒரு விதி எழுதினார்.

மறுபடி மேசை. கணக்கர் கெட்டிக்காரர். வந்ததும் வராததுமாகக் கூட்டத்துக்கே ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார். அத்தனை கோடரியும் கீழே இறங்கிவிட்டது.

"அண்ணா, இவரை வெட்டவே முடியாதா?" என்றாள் கூட்டத் தலைவியாக இருந்த ஓவியப் பெண்.

"கடனைத் தீர்த்துட்டு வெட்டும்மா."

அவள் கணக்கரின் மூட்டையைத் தூக்கி வந்தாள். கணக்கர் அவளுக்குக் கை கொடுத்து மேடேற்றினார். அது புதுக்கடன். அவள் அவர் செருப்பைத் தைத்தாள். அவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். அது இன்னொரு கடன். சாயங்காலம் வரை ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.

"இது காட்டுமிராண்டிக் கூட்டமா, சம்பந்தி வீடா?" என்றார் கணக்கர்.

குழம்பிப்போன கதைக்காரர் கடைசியாக ஒரு முடிச்சுப் போட்டார்: கடனை யாரும் பார்க்காமல்தான் தீர்க்க வேண்டும். யார் செய்தது என்று தெரிந்துவிட்டால், பட்ட கடன் இரட்டிப்பாகிவிடும்.

முதலாளி அந்தத் தாளை நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வந்தவர் வேறு ஆள்.

"கதைக்காரரே! உங்க நாற்காலி போடற சத்தத்துல மனுஷன் வேலை பார்க்க முடியுதா?"

அலுவலகமே ஆடிப்போனது. முதலாளிக்கு இப்படி ஒரு தொண்டை இருப்பதே யாருக்கும் தெரியாது. அடுத்த நாள் காலையில் கதைக்காரர் பயந்து பயந்து உட்கார்ந்தார். நாற்காலி வாயே திறக்கவில்லை. யாரோ எண்ணெய் போட்டிருக்கிறார்கள்.

"இருட்டுல உட்கார்ந்து எழுதினா எழுத்தும் இருட்டாத்தான் இருக்கும்!" என்று அன்றைக்குக் கத்தல். மறுநாள் அவர் தலைக்கு மேல் புது விளக்கு.

கதைக்காரர் ஓவியப் பெண்ணை ஓரமாக அழைத்தார். "நீதானேம்மா இதெல்லாம்?"

"சத்தியமா இல்லண்ணா."

அவர் எழுதிய விதிப்படி, செய்தவர் அப்படித்தானே சொல்வார்! சந்தேகமே இல்லை, இவள்தான் என்று முடிவு கட்டி, யாரும் இல்லாத நேரத்தில் அவளுடைய பென்சில்களை எல்லாம் சீவி வைத்தார். அவள் அது கணக்கர் வேலை என்று நினைத்து, அவர் மேசையைப் பளபளவென்று துடைத்து வைத்தாள். கணக்கர் அது கதைக்காரர் செய்தது என்று எண்ணி, அவருடைய குடையின் ஒடிந்த கம்பியைக் கட்டிவைத்தார். யாரைக் கேட்டாலும் "நான் இல்லை." இல்லை என்றவர் மேல் சந்தேகம் இன்னும் பலத்தது.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் மூவரும் அலுவலக வாசலில் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் கையில் பென்சில் சீவி, ஒருவர் கையில் ஈரத்துணி, ஒருவர் கையில் கம்பிச்சுருள்.

"என்ன சார் இவ்ளோ சீக்கிரம்?"

"சும்மா, காத்து வாங்க. நீங்க?"

"நானும் அதுக்குத்தான்."

உள்ளேயிருந்து கதவு திறந்தது. முதலாளி! ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது ஆபீசா, சத்திரமா?" குரல் கரகரத்து உடைந்தது. "கதைக்காரரே! நாளைக்குக் காலையில என் அறைக்கு வாங்க!"

"அவ்வளவுதான்," என்றார் கதைக்காரர். வீட்டில் சொன்னதற்கு மனைவி, "ஒரு வாரமா கத்தறவரு வேற எதுக்குக் கூப்பிடுவாரு? சரி விடுங்க, கடவுள் கண் திறப்பாரு," என்று மட்டும் சொன்னாள்.

இரவு படுத்தபோது வேலை போகும் கவலையோடு இன்னொன்றும் அவரை அரித்தது. இத்தனை வருஷம் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மனுஷன் கொடுத்த சம்பளத்தில்தான். கடனோடு வெளியே போகக் கூடாது. பாவம், தொண்டை வேறு கிழிந்து கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை தொண்டை மாத்திரை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்தார். முதலாளி அறையில் யாரும் இல்லை. பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, சாமியை நினைத்துக்கொண்டு, பூனைபோல் திரும்பினார்.

"மாமா."

குரல் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. அட்டைக் கிரீடம் எட்டிப் பார்த்தது. அதன் கீழே இரண்டு கைகளும் கண்களைப் பொத்தியிருந்தன.

"நீ... எப்ப வந்தேம்மா? அப்பா எங்க?"

"அச்சுக்காரர் கிட்ட போயிருக்காரு. உங்க காட்டுமிராண்டிக் கூட்டம் ரொம்ப நல்லா இருக்காம், அச்சடிக்கப் போறாங்களாம். அதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னாரு."

கதைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் எதுக்கும்மா அந்தக் கத்து கத்தினாரு? அது சரி, நான் இப்ப வச்சதை நீ பார்த்துட்டியா?"

"பார்க்கல மாமா, கண்ணை மூடிக்கிட்டேன். எனக்குச் சோறு போட்டதுக்காக அப்பா உங்க நாற்காலிக்கு எண்ணெய் போட்டப்பவும் இப்படித்தான் மூடிக்கிட்டேன். உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு கத்திக் கத்தித்தான் பாவம் அவருக்குத் தொண்டையே கட்டிக்கிச்சு."