சிமெந்துப் பொம்மைக்குப் பதிலாக இருந்தது பற்றி

குருக்கள்மடம்.

என் அன்புள்ள அழகரத்தினம் அண்ணனுக்கு, தங்கை அஜந்தா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் ஆர்த்திகாவும் உடம்பளவில் சுகம். வாகரையில் நீங்களும் மச்சாளும் வலையில் மீன்பாடும் நலமென நம்புகிறேன். போனில் சொன்னால் மச்சாள் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கவைப்பா, அதனால் எழுதுகிறேன். சொல்ல வெட்கம்தான், போன சனிக்கிழமை நான் பொம்மையாக இருந்தேன்.

இங்கே சாமானிய மக்களின் வரலாறு என்று ஒரு கண்காட்சி. களப்புத் தண்ணீரோரம் பிட்டு அவிக்கும் பெண் என்று செய்த சிமெந்துப் பொம்மைக்கு லொறியால் இறக்கும்போது தலை போய்விட்டது. ஆள் தேடி வந்த கம்பஸ் பிள்ளை தனுஷா, "அக்கா, அச்சொட்டா அதே மாதிரி இருக்கீங்க" என்றாள். எனக்கும் பெருமை. முகத்தில் கரி பூசினார்கள், சாமானியம் போதாதாம். "அசையப்படாது, கதைக்கப்படாதக்கா. உங்கட கதைய நாங்க சொல்லுவம்" என்றாள். என் கதையை எனக்கு யாரும் சொன்னதில்லை, ஆகவே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். நாம் இடம்பெயர்ந்து ஓடியதும் அதில் இல்லை, சுனாமியும் இல்லை, பிட்டு அவிந்ததோடு என் வரலாறு முடிந்துவிட்டது. "இப்பெண்கள் மிகக் குறைவாகவே பேசுவார்கள்" என்றும் வந்தவர்களுக்குச் சொன்னாள். ஆர்த்திகாவின் தகப்பன் உயிரோடு இருந்திருந்தால் அதைக் கேட்டுச் சிரித்தே செத்திருப்பார்.

அந்த நேரம் பார்த்து யார் வருகிறார்கள்? ஆர்த்திகாவுக்குக் கலியாணம் பேசியிருக்கும் நிலோஜனும், அவன் தாய் களுதாவளைச் சீதேவிப்பிள்ளையும். பொடியன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான், கண்ணாலேயே கெஞ்சுகிறான். தாய்க்குத் தெரியவில்லை. வாய் மூடியிருக்கும் என்னை அவ முன்பு கண்டதில்லையே.

"பாத்தியா மனே, அந்தக் காலத்துப் பொம்புளையள்ர அடக்கத்த! பொம்மையிலயே தெரியுது. அந்தக் குருக்கள்மடத்தாள்ர வாயும் ஒரு வாயா? பொட்ட நல்ல பொட்டதான். தாய நினச்சாத்தான் எனக்கு மனம் வருகுதில்ல."

மகளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் அண்ணன். மறுகா அவ கிட்ட வந்து என்னை விரலால் குத்தி, "பொம்மைக்கு வயிறுதான் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றா.

"அது வயிறில்ல சம்மந்தி, சீலைக் கொசுவம்" என்றேன்.

அவ போட்ட சத்தத்தில் பக்கத்தில் நெல் வெட்டிக்கொண்டிருந்த பொம்மையும் விழுந்தது. ஒற்றைச் செருப்போடு ஓடினா. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு பேச்சும் இல்லை. ஆர்த்திகா அழுதபடி கிடக்கிறாள், என் முகத்தையும் பார்க்கிறாளில்லை. தாய்மாமன் நீங்கள்தான் களுதாவளைக்குப் போய்க் கதைக்க வேண்டும். நாளொன்றுக்கு அரை வசனம் பேசுகிற ஆள் என்பதால் நம்புவார்கள். அது பொம்மைதான் என்று சொல்லுங்கள். பொம்மை ஏன் கதைத்தது என்று கேட்டால் சொல்வதற்கு, மச்சாளிடம் ஒரு காரணம் வாங்கிக்கொண்டு போங்கள்.

உங்கள் வலை கனக்கவும் மச்சாளின் ஸ்பீக்கர் பழுதாகவும் பிள்ளையார் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
இனி எந்த வரலாற்றிலும் இருக்கமாட்டாத தங்கை,
அஜந்தா.

பி.கு.: போக வேண்டாம் அண்ணன். இதை ஒட்டுமுன்பே சீதேவிப்பிள்ளை வந்துவிட்டா. நிலோஜன் வீட்டில் சாப்பிடாமல் கிடந்தானாம். "கலியாணத்துக்கு ஓம். ஆனா தாலி கட்டுறவரைக்கும் நீங்க ஒரு வார்த்தை கதைக்கப்படாது" என்றா. ஆர்த்திகாவைப் பார்த்தேன், தலையாட்டிவிட்டேன். சம்மந்தி உடனே வாசலோரக் கதிரையில் உட்காரப் போனா. அதன் பின்கால் வெடித்திருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒத்துக்கொண்டதை அவ்வளவு கெதியில் மீறுவது அழகில்லை என்று பேசாமல் இருந்தேன். சம்மந்தி இப்போது உள்ளறையில் குப்புறப் படுத்திருக்கிறா. ஆர்த்திகா எண்ணெய் போடுகிறாள்.