ஃப்ரீசரில் மூன்று நாள் இருந்த கிட்டார் இரும்பு

அன்புள்ள மைத்துனருக்கு,

கீழுதட்டைத் தவிர மற்றபடி நான் நலம். உங்களுக்கு எல்லா உறுப்பும் நலமாக இருக்கட்டும். போனில் பேசாமல் எழுதுவதற்கும் அந்த உதடுதான் காரணம். கிட்டார் இரும்பில் படிந்த பனியை ஊதப்போய் உதடு அதிலேயே ஒட்டிக்கொண்டது. உங்கள் அக்கா வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பிரித்தாள். "கல்யாணமான நாளா இன்னிக்குத்தான் உங்க வாய் மூடியிருக்கு" என்றும் சொன்னாள்.

இதற்கெல்லாம் தூபம் போட்டது நீங்கள். உங்கள் தொழிற்சாலையில் கத்திகளைக் கடுங்குளிரில் பதப்படுத்தினால் இரட்டிப்பு நாள் உழைக்கும் என்றீர்கள். "கத்தியே கேக்குது அத்தான், கிட்டார் இரும்பு கேக்காதா? சத்தம் மணி மாதிரி வரும்" என்றும் சொன்னீர்கள். இங்கே உங்கள் மருமகளோ இசைக்குழுத் தேர்வில் இரண்டு முறை தோற்று, "சத்தம் செத்துப்போச்சுப்பா. இதை வித்துடுங்க, ஞாயித்துக்கிழமை மூணாவது தேர்வுக்கு நான் போகல" என்று கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். பெற்றவன் சும்மா இருப்பேனா? தந்திகளைத் தாங்கும் இரும்புத் தகட்டைக் கழற்றி, சாப்பாட்டு டப்பாவில் போட்டு, ஃப்ரீசரில் வைத்தேன். "சத்தத்தை விடு, ரொம்ப நாள் உழைக்குமாம்" என்றேன் உங்கள் அக்காவிடம். "அப்ப நீங்களும் உள்ள போய் உக்காருங்க" என்றாள்.

நாலாம் நாள் உதட்டைப் பறிகொடுத்து, தகட்டைத் திரும்ப மாட்டினேன். மகள் வேண்டாவெறுப்பாக ஒரு தந்தியைத் தட்டினாள், நிமிர்ந்தாள், கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் வாசித்தாள். ஞாயிறு போனாள், தேறிவிட்டாள்! இப்போது அவள் சிநேகிதர்கள் நாலு பேருடைய கிட்டார் இரும்பும் எங்கள் ஃப்ரீசரில். ஐஸ் வைக்க இடமில்லை. வீடெல்லாம் "மாமா சொன்ன வைத்தியம்" என்று உங்கள் புகழ்தான்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் நீங்கள் சொல்வதை நம்பாமல் நன்றாக வளரட்டும்.

வீங்கிய உதட்டுடன்,
உங்கள் அத்தான்

பி.கு.: இதை உங்கள் முதலாளியிடம் பெருமையடித்துவிடாதீர்கள். போன வருடம் கிட்டார் வந்த புதிதில், தந்தியைத் தட்டினால் பலகையே அதிர்ந்தது. இருபத்தாறு வருடமாக இயந்திரம் பொருத்துகிறவனுக்கு அதிர்வு என்றாலே பழுது. அவளுக்குத் தெரியாமல் தகட்டுக்கடியில் ஒரு ரப்பர் வாஷர் வைத்து அடக்கினேன், அடியோடு மறந்தும் போனேன். கழற்றியபோதுதான் கையில் வந்தது, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "என்னப்பா பண்ணீங்க, இப்படிப் பேசுது?" என்று கேட்டாள். உதட்டைக் காட்டித் தப்பித்தேன். உண்மையில் வீக்கம் வடிந்து நாலு நாளாகிறது. 'ரெண்டு தடவையும் தோத்தது நீ இல்லம்மா, என் வாஷர்' என்பது மட்டும் இன்னும் வாயில் வரவில்லை.