மேலபாரு மாமாவும் தென்னூர்க் குரங்கும்

திருச்சியில் மேலபாரு மாமா அளவுக்குக் கழுத்து வலி கண்ட மனிதர் யாரும் கிடையாது. அவரால் கழுத்து வலி கண்டவர்களை வரிசையாக நிறுத்தினால், வரிசை பாலக்கரையில் ஆரம்பித்து ஸ்ரீரங்கம் வரை போகும்.

பிள்ளைகளே, அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தபால்காரனான எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் கடைசியில் காட்டூரிலிருந்து பஸ்ஸில் வந்து, எங்கள் பக்கத்து வீடுகளில் கரண்ட் மீட்டர் பார்க்கும் வேலை செய்தார். அந்தக் காலத்து வீடுகளில் மீட்டரை ஒட்டடைக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். டார்ச்சும் கையுமாக அண்ணாந்து பார்ப்பது அவருக்கு உத்தியோகம். வெளியே வந்த பிறகும் கழுத்தை இறக்க மாட்டார், அதுதான் வம்பு. தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "மேல பாருங்க" என்பார். மேலே பார்த்தால், ஏதோ ஒரு பழைய வீட்டின் கைப்பிடிச் சுவரில் மூக்குடைந்த சுதைச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு நிற்பான். இல்லாவிட்டால் ஒரு கிளி, ஒரு சிங்கம், இறக்கை விரித்த ஒரு சம்மனசு.

இப்படி மேலேயே பார்த்து நடந்தால் கீழே என்ன ஆகும்? சாக்கடையில் விழுந்தார். ஒரு பசுமாட்டின் மேல் இடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு கல்யாண ஊர்வலத்தில் கிளாரினெட்காரரிடம் போய் "மேல பாருங்க" என்றார். அவர் அண்ணாந்தார். பாட்டும் அவரோடு மேலே போய்விட்டது. மாப்பிள்ளையும் அண்ணாந்து, முன்னால் போன தவில்காரர் மேல் போய் மோதினார். சுவரில் இருந்தது ஒரு சின்ன மயில்.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரமாக நின்றது. எல்லோரும் இருப்பதை அண்ணாந்து பார்ப்பார்கள். இவர் இல்லாததை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் கைங்கரியத்தில் இருந்த பெரியவர் ஒருவர் பொறுக்க முடியாமல், "ஸ்வாமி, அங்கே என்ன சேவிக்கிறேள்?" என்று கேட்டார்.

"மிச்சத்தைங்க" என்றார் மேலபாரு மாமா.

ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்குப் பொறாமை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாலக்கரையில் பிறந்தவன் நான். பதினோரு வருஷமாக அந்தத் தெருக்களில் தினம் இரண்டு நடை நடக்கிறவன். என் கண்ணோ கதவு நம்பரோடு நின்றுவிடும். காட்டூர்க்காரர் ஒருவர் பஸ் ஏறி வந்து என் தெருவை எனக்கே காட்டினால் எப்படி இருக்கும்?

இதில் உச்சம் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது. ஒருநாள் மீட்டர் பார்க்க வந்தவர், படியில் நின்று மேலே பார்த்துவிட்டு, "சார், உங்க வீட்ல ஒரு தேவதை இருக்காங்க" என்றார். என் மனைவி பிலோமினா தலையைச் சரிசெய்துகொண்டாள். அவர் சொன்னது வாசல் நிலைக்கு மேலே, பல வருஷத்துச் சுண்ணாம்புக்குள் புதைந்து கிடந்த ஒரு பெண் முகத்தை. அது தெரிந்த பிறகும் பிலோமினாவுக்கு அவர் மேல் மரியாதை குறையவில்லை. அன்றைக்கு எனக்கென்றே வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் அவருக்குக் காபி போனது. பதினோரு வருஷமாக அந்த வாசலில் குனிந்து செருப்பு மாட்டியவன் நான். அந்த முகத்தை ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

என் மகள் ஜெயராணிக்கு அப்போது ஒன்பது வயது. அன்றிலிருந்து அவள் மாமாவின் கட்சி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் தெருப்பிள்ளைகள் எல்லாம் அவர் பின்னால் கிளம்பிவிடும். யார் எதைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுத ஜெயராணி ஒரு நோட்டு போட்டாள். மாமாவுக்கு மூன்று பக்கம். அவளுக்கு ஒன்றரைப் பக்கம். 'அப்பா' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் முழுசாக விட்டிருந்தாள்.

"ஏம்மா, இது எதுக்கு?" என்றேன்.

"நீங்க ஒண்ணாச்சும் கண்டுபிடிப்பீங்கல்லப்பா."

அந்த வெள்ளைப் பக்கம் எனக்குச் சோறு இறங்க விடவில்லை.

மறுநாளிலிருந்து நானும் அண்ணாந்து நடந்தேன். மேலே ஒன்றும் அகப்படவில்லை. கீழே தபால்கள் இடம் மாறின. ஒரு கல்யாணப் பத்திரிகை எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் கல்யாணத்துக்குப் போய், சாப்பிட்டு, குத்துவிளக்கு ஒன்று மொய் வைத்துவிட்டு வந்த பிறகுதான், யார் கல்யாணம் என்று யோசித்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தெய்வம் கண் திறந்தது. தென்னூரில் ஒரு சந்து. அது நான் தபால் கொடுக்கும் பீட் இல்லை. சித்தப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு பழைய ஓட்டு வீட்டு நிலைக்கு மேலே, உரிந்த சுண்ணாம்பில் கறுப்பாக நாலு இலக்கம்: 1847. மாமாவின் மூன்று பக்கத்திலும் இவ்வளவு பழைய வருஷம் கிடையாது. சித்தப்பா வீட்டுக்குப் போகாமலே திரும்பி வந்து, தெரு முழுக்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறு பதினைந்து பிள்ளைகள், பிலோமினா, மேலபாரு மாமா எல்லோரையும் கூட்டிக்கொண்டு தென்னூருக்கு நடந்தேன். வழியில் மாமா இரண்டு தடவை நின்று மேலே பார்க்க முயன்றார். நான் விடவில்லை. அன்றைக்கு என் ஆட்சி.

வீட்டின் முன்னால் நிறுத்தி, கையை நீட்டி, "மேல பாருங்க" என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்.

கூட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். என்ன சமாசாரம் என்று கேட்டார். சொன்னேன். அவர் நிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வருஷமா? அது சென்சஸ்காரங்க தார்ல எழுதிட்டுப் போன நம்பருங்க. பக்கத்து வீட்டைப் பாருங்க."

பார்த்தோம். பக்கத்து வீட்டில் 1848. அதற்கடுத்து 1849. சந்து முனையில் இருந்த சைக்கிள் கடையில் 1853.

"வருஷத்துக்கு ஒரு வீடா கட்டியிருக்காங்கப்பா" என்றது ஒரு வாண்டு. பதினைந்து பிள்ளைகளும் சிரித்தார்கள். பிலோமினா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் தலையில் கை வைத்து நின்றேன். வேறு யார் ஏமாந்தாலும் சரி, போகட்டும். கதவு நம்பரைப் பார்த்தே சோறு தின்கிற தபால்காரன், கதவு நம்பரைப் பார்த்து வருஷம் என்று நினைத்தேன். ஜெயராணி மட்டும் சிரிக்கவில்லை. பென்சிலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே, நோட்டை மெதுவாக மூடினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏன் மூடுற பாப்பா?" என்றார் மேலபாரு மாமா. "அப்பா நம்பரையா சொன்னாரு? நம்பருக்கு மேல பாரு."

எல்லோரும் இன்னும் கொஞ்சம் அண்ணாந்தோம். நிலைக்கு மேலே, ஓட்டுச் சாய்ப்பைத் தாங்கிய மரக்கட்டையின் நுனியில், இருட்டோடு இருட்டாக ஒரு குரங்கு. யாரோ ஒரு தச்சர் செதுக்கியது. தலையில் கை வைத்து, தெருவையே பார்த்து உட்கார்ந்திருந்தது. அச்சு அசல் என்னைப் போலவே.

"இதைக் காட்டத்தானே சார் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் மாமா.

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஜெயராணி நோட்டைத் திறந்து எழுதினாள்: 'அப்பா: குரங்கு.' படிக்கிறவர்கள் வேறு விதமாக நினைப்பார்களே என்று பிலோமினா சொல்லிப் பார்த்தாள். மகள் மாற்றவில்லை.

பிள்ளைகள் முன்னால் போய்விட்டார்கள். நான் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் பின்தங்கினேன். சொம்பைக் கொடுத்தபடியே அந்த அம்மா சொன்னார்: "அந்த மீட்டர்காரரு இங்க எத்தனை வருஷமா வர்றாரு தெரியுமா? வந்ததும் முதல்ல அந்தக் குரங்குக்கு ஒரு வணக்கம் வைப்பாரு. அப்புறந்தான் மீட்டர்."

எனக்கு மறுபடியும் பொறாமை. கண்டுபிடிப்பதில்தான் முந்தினார் என்றால், விட்டுக்கொடுப்பதிலும் அவரே முந்துவதா? எனக்கென்று ஒன்றையாவது மிச்சம் வைக்கக் கூடாதா இந்த மனிதர்?

எண்பதுகளில் மொட்டைக் கோபுரம் முழுக் கோபுரமானது. ஊரே போய் அண்ணாந்து பார்த்தது. மேலபாரு மாமா மட்டும், "நான் அப்பவே பார்த்துட்டேனே" என்றார். பெருமைக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தோம். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். கண்ணில் புரை விழுந்து, டார்ச் அடித்தாலும் சரியாகத் தெரியாத நிலை. எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு நடக்க நான் ஒருவன்தான் மிச்சம்.

ஒருநாள் பாலக்கரையில், ஒரு பழைய அரிசிக் கடை மாடியின் கீழ் அவரை நிறுத்தினேன். செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொல்லிக் குனிந்தேன். வெகு நேரம் குனிந்தே இருந்தேன். அவர் சும்மா நிற்கத் தெரியாதவர். கழுத்து தானாக நிமிர்ந்தது. கண்ணை இடுக்கினார், கையைப் புருவத்தில் வைத்தார்.

"சார்," என்றார் மெல்ல, "மேல பாருங்க. மீன் மாதிரி இல்ல?"

நிமிர்ந்தேன். தூணின் தலையில் இரண்டு சுதை மீன்கள். நான் அவற்றைக் கண்டுபிடித்து ஆறு மாதமாகியிருந்தது. ஜெயராணியிடம்கூடச் சொல்லவில்லை.

"அட, ஆமாங்க" என்றேன். "இத்தனை வருஷம் இதே வழியாப் போயிருக்கேன், பாக்கவே இல்லையே."

மேலபாரு மாமா சிரித்தார். "நல்லா பாத்துச் சொல்லுங்க சார், பக்கத்துல நம்பர் ஏதும் இல்லையே?" என்றபடி என் தோளைப் பிடித்துக்கொண்டார். வீடு வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.