புக்கிட் ரோத்தானில் டெக்சஸ் சட்டம்

பிள்ளைகளே, அமெரிக்காவில் டெக்சஸ் என்று ஒரு மிகப் பெரிய மாநிலம் இருக்கிறது. அதை அங்குள்ள கவர்னரைவிட நன்றாக அறிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் நம் மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் லோரி ஓட்டிப் பழைய பேப்பர் எடுக்கிறார். டெக்சஸுக்குப் போனதில்லை. விமானத்தில் ஏறியதில்லை. ஒரே ஒரு தடவை பினாங்குப் படகில் ஏறினார். கரை சேர்வதற்குள் வாந்தி எடுத்து, திரும்பும்போது பாலத்தின் வழியாக வந்துவிட்டார்.

அவரை எல்லாரும் 'டெக்சஸ்' என்றுதான் கூப்பிடுவோம். ரவாங்கில் ஒரு வீட்டில் எடுத்த பழைய சாமான்களுக்கு நடுவில் அவருக்கு ஓர் அமெரிக்கப் பள்ளிப் பாடப்புத்தகம் கிடைத்தது. டெக்சஸின் வரலாறு, அரசாங்கம், கல்வி எல்லாம் அதில் இருந்தன. அட்டை மட்டும் இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் படித்தார். அதற்குப் பிறகு, உலகத்தில் எதைப் பார்த்தாலும் அந்தப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல ஆரம்பித்தார்.

"தம்பி, நம்ம சிலாங்கூர்ல எத்தனை மாவட்டம்?" என்று என்னைக் கேட்பார்.

"ஒம்பதுண்ணே."

"டெக்சஸ்ல இருநூத்தி அம்பத்து நாலு!" என்பார், தானே நின்று அளந்து பிரித்துக் கொடுத்தவர் மாதிரி.

டெக்சஸ் கொஞ்ச காலம் தனி நாடாக இருந்ததாம். அதற்கு முன்னும் பின்னும் வேறு வேறு நாட்டுக் கொடிகள் அங்கே பறந்தனவாம். மொத்தம் ஆறு. அந்த வரலாற்றை மக்களுக்குச் சொல்ல, அவர் தம் லோரியில் ஆறு கொடிகளைக் கட்டினார். ஆறு நாட்டுக் கொடிக்கு அவர் எங்கே போவார்? இரண்டு கைலி, ஒரு துண்டு, ஒரு பழைய திரைச்சீலை, இரண்டு தலையணை உறை. போலீஸ்காரர் ஒருவர் லோரியை நிறுத்தி, இதெல்லாம் என்னவென்று மலாயில் கேட்டார்.

"வரலாறு, துவான்" என்றார் மரியாதையாக.

போலீஸ்காரர் திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தார். "காய்ஞ்சதும் எடுத்து உள்ள வெச்சிடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கோயில் கமிட்டிக்காரர்களையும் அவர் விடவில்லை. "டெக்சஸ்ல சட்டசபையே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூடுது. நீங்க வாராவாரம் கூடி வடை தின்றீங்க!" என்றார். மூன்று மாதம் அவருக்கு வடை கிடைக்கவில்லை.

இனிமேல்தான் முக்கியமான கதை.

எங்கள் தமிழ்ப்பள்ளியில் அறுபத்து மூன்று பிள்ளைகள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை நிறையக் கதைப்புத்தகங்கள். எல்லாம் டெக்சஸ் கொண்டுவந்தவை. பழைய பேப்பரோடு வரும் புத்தகங்களைத் தனியாகப் பிரித்து, வெயிலில் காயவைத்து, கிழிந்த பக்கத்தை ஒட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் கொண்டுவந்து அடுக்குவார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை குட்டி கிடையாது.

அந்த வருடம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எங்கள் தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தலைவர் கெட்டவரல்ல. அவருக்கு வியர்வை அதிகம், அவ்வளவுதான். அந்த அறையைச் சங்கத்தின் கூட்ட அறையாக மாற்றிக் குளிரூட்ட ஏர்கோன் போட வேண்டும், புத்தகங்களைப் பெட்டியில் கட்டிக் கேண்டீனுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோரில் வைக்க வேண்டும் என்றார். அந்த ஸ்டோரில் மழை ஒழுகும். ஒரு மழைக்காலம் போதும், புத்தகங்கள் கூழாகிவிடும். நான் சங்கத்தின் செயலாளர். உண்மையைச் சொல்கிறேன், ஏர்கோனுக்குக் கை தூக்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

திடலில் பந்தல் போட்டு வாடகை நாற்காலியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணிக்கு நாற்காலிக்காரர் வந்து, ஈஜோக்கில் ஒரு கல்யாணத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் ஓட்டெடுக்காவிட்டால் அடுத்த கூட்டம் அடுத்த வருடம்தான்.

டெக்சஸ் எழுந்தார். "எனக்கும் ஓட்டு வேணும்."

"அண்ணே, இது பெத்தவங்க கூட்டம். உங்களுக்குப் புள்ள இல்ல, அதனால ஓட்டும் இல்ல" என்றார் தலைவர்.

"டெக்சஸ்ல பள்ளிக்கூட வாரியத்துக்குப் புள்ள இல்லாதவனும் ஓட்டுப் போடலாம். தேர்தல்லயும் நிக்கலாம்."

"அப்ப அங்க போயி நில்லுங்க லா!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்த சந்தோஷத்தில் தலைவர் தாராளமாகிவிட்டார். "சரிண்ணே, ஆசைக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காருங்க." தலைவர் அனுமதி வழங்கினார் என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அப்போது மணி பத்தே முக்கால்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பிள்ளைகளே. டெக்சஸ் செனட் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சட்டம் வரக்கூடாது என்று நினைக்கும் உறுப்பினர், நேரம் முடியும் வரை பேசிக்கொண்டே இருக்கலாம். ஆனால் உட்காரக் கூடாது, சாயக் கூடாது, சாப்பிடக் கூடாது, எடுத்துக்கொண்ட விஷயத்தை விட்டு வேறு பேசவும் கூடாது. இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"முதல் அலமாரி, முதல் தட்டு, முதல் புத்தகம்" என்று ஆரம்பித்தார் டெக்சஸ்.

ஒவ்வொரு புத்தகத்தின் கதையையும் சொன்னார். சிங்கம் வந்தால் உறுமினார், கோழி வந்தால் கொக்கரித்தார். பதினொன்றரைக்கு இரண்டாவது தட்டுக்குத்தான் வந்திருந்தார்.

"போதும்ணே!" என்று தலைவர் எழுந்தார்.

தலைமையாசிரியை மெதுவாகச் சொன்னார்: "தலைவரே, நீங்கதானே அனுமதி கொடுத்தீங்க. எத்தனை நிமிஷம்னு சொல்லலையே. குறிப்புல இருக்கு." நான் குறிப்பேட்டைத் தூக்கிக் காட்டினேன்.

தலைவர் கண் காட்ட, கேண்டீன் லெட்சுமி அக்கா ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சாப்புடுண்ணே, சூடா இருக்கு."

"முடியாதும்மா. சாப்புட்டா பேச்சு செல்லாது. சட்டம்."

"எந்த ஊரு சட்டம்?"

"டெக்சஸ்."

"இது புக்கிட் ரோத்தான் லா!"

அவர் தட்டைப் பார்க்காமல் கொக்குக் கதையைத் தொடர்ந்தார். பந்தல் கம்பம் பக்கத்திலேயே இருந்தது. கால் வலியில் உடம்பு தானாக அதன் பக்கம் சரியும். தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது துள்ளி நிமிர்ந்துவிடுவார். கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பத்தைப் பார்த்தது.

பன்னிரண்டு மணிக்கு அவர் குரல் கம்மிவிட்டது. அப்போதுதான் அது நடந்தது.

"மூணாவது தட்டு, முயல் புத்தகம். தலைவரே, இது உங்க வீட்டு வாசல்ல எடுத்தது. உள்ள உங்க மக பேரு இருக்கு. ரெண்டாம் வகுப்புன்னு எழுதி, பக்கத்துல ஒரு பூ வரைஞ்சிருக்கு."

தலைவர் வியர்வையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"அடுத்தது லெட்சுமி வீட்டுது. அட்டைப்படத்துல யானை. யானைக்கு மீசை வரைஞ்சது அவ மகன்." லெட்சுமி அக்கா தட்டைக் கீழே வைத்தார். "இந்த ஆத்திசூடி செயலாளர் வீட்டுது. மேல பால் கொட்டின கறை. கழுவிப் பார்த்தேன், போகல."

அது என் மகளுடையது. பேப்பர் கட்டு சின்னதாக இருக்கிறதே என்று நானே அதன்மேல் வைத்துப் போட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு குறிப்பு எழுதினேன். அந்தப் பக்கத்தில் கையெழுத்து இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது.

சரியாக ஒரு மணிக்கு நாற்காலிக்காரர் வந்தார். ஈஜோக்கில் பந்தி தாமதமாகிறதாம். யாரையும் கேட்காமல் பின்வரிசையிலிருந்து உருவ ஆரம்பித்தார். "ஓட்டெடுப்பு!" என்று யாரோ கத்தினார். கை தூக்கியவருக்குக் கீழே நாற்காலி இல்லை. பாதிப் பேர் நின்றார்கள், பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். தலைவர் தம் நாற்காலியைத் தாமே மடக்கிக் கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வருடமும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டெக்சஸ் புல்லில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். ஆறிப்போன மீ கோரெங் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மறுவாரம் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, சங்கத்தில் உறுப்பினராகச் சேரும் விண்ணப்பப் பாரம் ஒன்றைக் கொடுத்தார். நானும் தலைவரும் பக்கத்தில் இருந்தோம். பெயர், முகவரி எல்லாம் அழகாக எழுதியவர், 'இப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் எண்ணிக்கை' என்ற இடத்தில் பேனாவை மூடிவிட்டார்.

"டீச்சர், இது காலியா இருந்தா செல்லாதே."

தலைமையாசிரியை பாரத்தைத் தம் பக்கம் இழுத்து, அந்தக் கட்டத்தில் '63' என்று எழுதினார். தலைவர் அதைப் பார்த்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.

டெக்சஸ் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று முழுவதும் அவர் அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.