ஈரத்துண்டும் பதினோராயிரமும்

அவருடைய டேட்டா புக்கில் எல்லாக் கணக்குக்கும் விடை எழுதியிருக்கிறது என்று நான் நம்பினேன். எனக்கு வயது நாற்பத்து நான்கு. டயர் பட்டறையில் ஆறு பேர் என் பேச்சைக் கேட்டு வேலை பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட ஆள்தான் இதை நம்பினேன்.

மதுரை சுற்றுவட்டாரத்தில் காற்றுக்கு நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதர் அவர். பெயர் தெரியாது. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில், வேலை பார்த்துக்கொண்டே பி.இ. படிப்பவர்களுக்கான மாலை வகுப்பில் இருந்தோம். தோளில் எப்போதும் ஒரு நனைந்த துண்டு கிடக்கும். ஆகவே ஈரத்துண்டு அண்ணே.

வகுப்புக்குள் வந்ததும் உட்கார மாட்டார். ஃபேனுக்கு அடியில் துண்டை விரித்துப் பிடித்து, கண்ணை மூடி, "இங்கன பன்னெண்டு. அந்த மூலைல ஆறுதான்" என்பார். ஹெச்சைச் சொல்கிறார். சூடான பொருளிலிருந்து காற்றோ தண்ணீரோ வெப்பத்தை எம்புட்டு வேகத்தில் அள்ளிக்கொண்டு போகிறது என்பதற்கான எண் அது. வெப்பப் பரிமாற்றத் தாளில் பாதிக் கணக்கு அதைக் கண்டுபிடிக்கத்தான். மேலூர் ரோட்டில் பஸ் வேகமெடுத்தால் ஜன்னலுக்கு வெளியே துண்டு பறக்கும். "இப்ப முப்பத்தஞ்சு!" கண்டக்டர், "யோவ், அது ஸ்பீடாய்யா?" என்று கேட்டால், "ஸ்பீடு டிரைவர் சொல்வாரு, நான் காத்தச் சொல்றேன்" என்பார்.

பாடம் நடத்திய மேடம் எங்கள் இருவரைவிடவும் சின்னவர். ஒருநாள் மடக்கினார். "ஈரத்துண்டுல தண்ணி ஆவியாகிறதும் சேர்ந்துருமே சார்?"

"அதக் கழிச்சுட்டுத்தான் மேடம் சொல்றேன்."

மேடம் சிரித்தார். என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு ஹெச் எவ்வளவு என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பார்.

காரணம் இருந்தது. இந்தத் தாளில் நான் ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில், அதனால்தான் மறுபடி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதும் போனால் காலக்கெடு முடிந்தது, பட்டம் கிடையாது. அவரோ எனக்கு அடுத்த செட். முதல் முறை எழுதப்போகிறார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மேடம் போர்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் நோட்டின் கடைசி வரியில் விடையை எழுதிவிடுவார். பிறகு சாவகாசமாக மேலேயிருந்து கணக்குப் போட்டு அந்த விடைக்கு வந்து சேருவார். யாராவது இப்படிச் செய்வார்களா?

என் வழி வேறு. பதற்றம் வந்தால், கணக்குக்கு வேண்டிய எண்களை அச்சடித்த அந்த டேட்டா புக்கில் காற்றின் அட்டவணைக்குப் பதில் தண்ணீரின் அட்டவணையைத் திறந்துவிடுவேன். ஒருமுறை வகுப்பு ஃபேனுக்கு மூவாயிரம் என்று விடை போட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "மாப்ள, மூவாயிரமா? மதுர வெயில்ல இந்த ஃபேனுக்கு அடியில உக்காந்தா நம்மள வேகவச்சு எறக்கிர வேண்டியதுதான்."

வகுப்பே சிரித்தது. அன்றைக்குத்தான் முடிவு கட்டினேன், ரகசியம் அவருடைய டேட்டா புக்கில் இருக்கிறது. அதைப் பரீட்சைக்குக் கொண்டுபோகலாம். ஒரே நிபந்தனை, அதில் கையால் எழுதிய ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. இருந்தால் அந்தத் தாள் மட்டுமல்ல, அந்தப் பருவத்தின் எல்லாத் தாளும் ரத்து. அவர் யார் கண்ணுக்கும் படாதபடி எழுதியிருப்பார் என்று நினைத்தேன்.

பரீட்சை அன்று காலை, கேன்டீனில் அவர் கை கழுவப் போனார். ஒரே அட்டை, ஒரே நிறம். மாற்றிவிட்டேன்.

ஹாலில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினேன். விடை இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. காற்றின் அட்டவணைப் பக்கத்தில் மட்டும் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை, மடிப்பில் கொஞ்சம் தவிடு. அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. என் புத்தகம் முழுக்க நான் படிக்கும்போது பென்சிலில் சூத்திரம் எழுதி, அழிக்க மறந்திருந்தேன். அது இப்போது அவரிடம்!

கண்காணிப்பாளர் வரிசையாக ஒவ்வொரு டேட்டா புக்கையும் புரட்டிக்கொண்டு வந்தார். எழுந்து சொல்ல நினைத்து, குனிந்து கேள்வித்தாளைப் பார்த்தேன். பதற்றத்தில் முதல் கணக்கைப் போட்டேன். விடை பதினோராயிரம். சட்டை தொப்பலாக நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மேலே ஃபேன். ஈரச் சட்டையில் காற்று பட்டது. சுகமாக, சோம்பலாக, அம்புட்டுத்தான். இதுவா பதினோராயிரம்? வெட்கத்தோடு பக்கத்தைப் பார்த்தேன். தண்ணீர் அட்டவணை. கட்டைவிரல் ரேகை இருந்த பக்கத்துக்குத் திரும்பினேன். கணக்கு ஒன்பது சொச்சத்துக்கு வந்தது.

கண்காணிப்பாளர் அண்ணன் மேசையருகே நின்றார். புத்தகத்தைப் புரட்டினார். இன்னும் புரட்டினார். கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்.

வெளியே வந்ததும் ஓடினேன். "அண்ணே, புக்கு மாறிப் போச்சுண்ணே."

"மாறலடா, நீ மாத்துன. கை கழுவுற எடத்துல கண்ணாடி இருக்குல்ல."

"பெறகு ஏண்ணே கேக்கல?"

"என் புக்கு கையில இருந்தா ஒனக்குத் தெம்பா இருக்கும்னு விட்டேன். ஆனா மாப்ள, ஒன் எழுத்த அழிக்கிறதுக்குள்ள ரப்பர் பாதி தேஞ்சுபோச்சு. ஹாலுக்குள்ள விடுறாங்க, நான் இன்னும் அழிச்சுக்கிட்டு இருக்கேன். அதுலயும் ரெண்டு சூத்திரம் தப்பு."

"ஒங்களுக்கு மட்டும் எப்படிண்ணே விடை முன்னாடியே தெரியுது?"

கையை நீட்டினார். முழங்கை வரை முடியே இல்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில், நெல் காயவைக்கும் டிரையரின் சூட்டுக் காற்றுக்குள் இருபது வருஷமாகக் கையை விட்டு விட்டுப் பார்க்கிறாராம். "நெல்லு கருகிரக் கூடாதுல்ல" என்றார்.

ரிசல்ட் வந்தது. நான் பாஸ். அவரும் பாஸ், என்னைவிட நாற்பது மார்க் கூடுதல். அது இன்னும் உறுத்துகிறது. அவருடைய டேட்டா புக் என் பட்டறை மேசையில் இருக்கிறது. அவர் கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை.