மகாராஜாவுக்கு எட்டு ஆகாது

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் கொட்டாவி விடுவீர்கள். அதனால் ஒரு காட்டில் ஒரு கதவு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சிங்கமும் இருந்தது. சிங்கம் இல்லாமல் காட்டுக்குள் கதவு எப்படி வரும்?

அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு குளம். கோடை வந்துவிட்டால் போதும், பக்கத்துக் காட்டுப் பன்றிகள் கும்பலாக வந்து இறங்கி, புரண்டு, குளத்தைக் குழம்பாக்கிவிட்டுப் போகும். உள்ளூர்க்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு அந்தச் சேற்றைத்தான் குடிக்க வேண்டும். சிங்க மகாராஜா பொறுத்துப் பார்த்தார். கடைசியில் குளத்தைச் சுற்றி முள்வேலி, ஒரே வாசல், வாசலுக்கு ஒரு கதவு, காட்டுக்காரர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கார்டு என்று உத்தரவு போட்டார். கார்டைக் கதவுக்கு எதிரே காட்டினால் போதும், தொடக்கூட வேண்டாம், திறந்துகொள்ளும்.

உத்தரவு போடுவதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? அதைச் செய்து முடிக்கிற வேலை செங்கமலத்தின் தலையில் விழுந்தது.

செங்கமலம் ஓர் அழுங்கு. எறும்புதின்னி என்றால் இன்னும் நிறையப் பேருக்குப் புரியும். உடம்பெல்லாம் ஓடு, பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்கிற சுபாவம், கணக்கில் மட்டும் கெட்டிக்காரி. பிழைப்பு தேடி இந்தக் காட்டுக்கு வந்தவள், சொந்தமாக ஒரு பொந்துகூடக் கிடையாது. மகாராஜாவின் பி.ஏ. கரியப்பன் என்கிற கரடி அவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"கதவு நல்லா வேலை செஞ்சுதுன்னா குளத்தங்கரைப் பெரிய புத்து உனக்குத்தாம்மா. பட்டாவே போட்டுத் தர்றோம். ஆனா ஒரு பன்னி உள்ள வந்துச்சுன்னு வையி, நீயும் மூட்டையைக் கட்டிக்கிட்டு எல்லையைத் தாண்டிட வேண்டியதுதான்."

குளத்தங்கரைப் புற்று என்றால் லேசுப்பட்டதா? யானை முழங்கால் உயரம், உள்ளே கறையான் பொங்கி வழியும். செங்கமலம் தினமும் காலையில் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் வாசல் வைக்கலாம் என்று யோசித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

அவள் செய்த பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்தது. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ஒரு ரகசிய எண் இருக்கும். அதே எண் கதவுக்கும் தெரியும். அதை வெட்டவெளியில் உரக்கச் சொன்னால் போகிறவன் வருகிறவனெல்லாம் காதில் வாங்கிக்கொள்வான் இல்லையா? அதனால் கதவு முதலில் வாய்க்கு வந்த ஏதோ ஓர் எண்ணைக் கேள்வியாகப் போடும். கார்டு அந்த எண்ணையும் தன் ரகசியத்தையும் சேர்த்துப் போட்டுக் குலுக்கும். குலுக்கக் குலுக்க உள்ளேயிருந்து ஓடை மாதிரி எண்கள் கொட்டிக்கொண்டே இருக்கும். அதில் முதலில் விழுகிற கொஞ்சத்தை எடுத்துக் கார்டு கீச்சுக் குரலில் பதிலாகச் சொல்லும். கதவும் தன் பங்குக்குக் குலுக்கிப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் 'வாங்க' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திறக்கும். கேள்வி ஒவ்வொரு தடவையும் புதுசு, அதனால் பதிலும் புதுசு. நேற்றைய கீச்சை ஒட்டுக்கேட்டு வைத்திருப்பவன் இன்றைக்கு ஒன்றும் கிழிக்க முடியாது.

செங்கமலம் ராப்பகலாக உட்கார்ந்து, அந்த ஓடையை ஒரு சொட்டு பிசகாமல் ஓடவைத்தாள். அப்புறம் மகாராஜா வெள்ளோட்டம் பார்க்க வந்தார். கார்டைக் காட்டினார். கதவு கேட்ட முதல் எண் எண்பத்தெட்டு.

மகாராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பி நடந்துவிட்டார்.

கரியப்பன் ஓடி வந்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? அவருக்கு எட்டு ஆகாதும்மா. எட்டாந்தேதி வேட்டைக்கே போகமாட்டாரு."

செங்கமலம் எட்டு வருகிற எண்களையெல்லாம் எடுத்தெறிந்தாள். மறுநாள் கரியப்பன் மறுபடி வந்து, கூட்டுத்தொகை ஐந்து வரவேண்டும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் செய்தாள். மூன்றாவது தடவை வந்தபோது கரடிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"எதுக்கு இத்தனை எண்ணைப் போட்டு அலட்டிக்கிறே? அவரோட ராசி எண் இருபத்திமூணு. எப்பவும் அதையே கேக்கட்டும். முடிஞ்சுபோச்சு."

"சார், கேள்வி ஒண்ணேன்னா பதிலும் ஒண்ணேதான் சார். யாராவது ஒரு தடவை ஒட்டுக்கேட்டாப் போதும், காலத்துக்கும் திறந்துடுவாங்க."

"ஒட்டுக்கேட்டா ரகசிய எண்ணைக் கண்டுபிடிச்சிடுவாங்களா?"

"அது முடியாது. ஆனா..."

"என்ன ஆனா? ரகசியமும் பத்திரமா இருக்கு, ராசியும் பத்திரமா இருக்கு. பரீட்சையில வருஷா வருஷம் அதே கேள்வி வருது. யாராவது வருத்தப்படறாங்களா?"

செங்கமலம் புற்றைப் பார்த்தாள். பாதி சுருண்டபடியே, "சரிங்க சார்" என்றாள். அவளைத் திட்டாதீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்க மரத்தடியில் நனைந்து பார்த்தால் உங்களுக்கும் இருபத்துமூன்று பிடித்துப்போகும்.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. கதவுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கார்டு காட்டவேண்டிய இடத்தில் கை நிறையச் சந்தனத்தை அப்பிவிட்டார்கள். செங்கமலம் நாக்காலேயே அதை வழித்தெடுத்த பிறகுதான் கதவுக்குக் காது கேட்டது. மகாராஜா முதலில் போனார். பிறகு மான், மிளா, யானை எல்லாரும் வரிசையில் போனார்கள். தொடவே வேண்டாம் என்று தொண்டை கிழியச் சொல்லியும் எருமை கார்டைக் கதவில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தது. கடைசியாக முத்துப்பேச்சி என்கிற முயல் தன் கார்டைக் காட்டினாள். "வாங்க முத்துப்பேச்சி" என்றது கதவு. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து அவளை யாரும் வாங்க என்று கூப்பிட்டதில்லை.

இத்தனையையும் வேலிமேல் உட்கார்ந்து ஒரு மைனா பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் சொர்ணம். கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்லாவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. மறுநாள் காலை சும்மா இருந்த வாய்க்கு முத்துப்பேச்சியின் கார்டு மாதிரி ஒரு கீச்சு கீச்சிப் பார்த்தது. "வாங்க முத்துப்பேச்சி" என்று கதவு அகலத் திறந்தது. வேலிக்கு வெளியே ஏக்கத்தோடு நின்ற பன்றிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பன்றி மண்ணைக் கிளறினால் புழு வரும், மைனாவுக்குப் புழு என்றால் உயிர். பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது.

அன்று முழுக்கக் கதவு "வாங்க முத்துப்பேச்சி, வாங்க முத்துப்பேச்சி" என்று ஓயாமல் உபசரித்தது. பாவம், நிஜ முத்துப்பேச்சி மத்தியானம் தண்ணீர் குடிக்க வந்தபோது குளத்தில் சேறும் வாசலில் கரியப்பனும்தான் இருந்தார்கள். ஒற்றை ஆளாகக் குளத்தையே குடித்துத் தீர்த்த குற்றத்துக்காக அவளைப் பிடித்து மகாராஜா முன்னால் நிறுத்தினார்கள்.

"நான் ஒரு வாய்கூடக் குடிக்கலீங்க" என்று முத்துப்பேச்சி அழுதாள்.

"கதவு பொய் சொல்லாது" என்றார் மகாராஜா. "நாடு கடத்துங்கள்."

கூட்டத்தின் ஓரத்தில் செங்கமலம் முழுசாகச் சுருண்டு கிடந்தாள். மைனா கீச்சியதையும் பன்றிகள் நுழைந்ததையும் அவள் காலையிலேயே பார்த்திருந்தாள். வாயைத் திறந்தால் புற்று போச்சு. திறக்காவிட்டால் ஒரு பாவமும் அறியாத முயல் போச்சு. ஓட்டுக்குள் முகத்தை எவ்வளவு புதைத்தாலும் முத்துப்பேச்சி விசும்புகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடப் பாவி புற்றே என்று மனசுக்குள் வைதுவிட்டு, மெல்ல விரிந்து எழுந்து நின்றாள்.

"மகாராஜா, வந்தது முயல் இல்லீங்க. பன்னிங்க. எப்பவும் இருபத்திமூணே கேக்கறதால மைனா ஒரே பதிலைச் சொல்லித் திறந்துவிட்டுடுச்சு. கேள்வியை மாத்தினா எல்லாம் சரியாயிடும்."

சபையில் எல்லாத் தலைகளும் மகாராஜா பக்கம் திரும்பின.

"என் ராசி எண்ணால் பன்றி வந்தது என்கிறாயா?" என்றார் மகாராஜா.

கரியப்பன் அவசரமாக அவர் காதைக் கடித்தார். நெடுநேரம் கிசுகிசுத்தார்கள். பிறகு மகாராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். ராசி எண் தப்பு செய்யாது. எனவே பன்றிகள் உள்ளே வரவில்லை. உள்ளே வந்தவர்கள் எல்லாரும் முயல்கள் என்று கதவே சாட்சி சொல்கிறது. முயல்கள் குளத்துக்கு வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆகவே குற்றமே நடக்கவில்லை, முத்துப்பேச்சி வீட்டுக்குப் போகலாம். தவிர, கதவு திறந்த நாளிலிருந்து ஒரு பன்றிகூட நுழையாததால் செங்கமலத்துக்குப் பெரிய புற்று இன்றே வழங்கப்படுகிறது.

எல்லாரும் கைதட்டினார்கள். வேலியோரம் நின்ற பன்றிகள்தான் மற்றவர்களைவிட அதிகமாகத் தட்டின.

செங்கமலம் புற்றுக்குக் குடிபோனாள். வயிறு நிறைந்தது, மனசு நிறையவில்லை. வாசலில் உட்கார்ந்து பார்த்தால் எதிரே குளத்தில் முயல்கள் என்று பெயர்பெற்ற பன்றிகள் மல்லாந்து கிடக்கின்றன. முத்துப்பேச்சி வேலிக்கு வெளியே நாக்கு வறண்டு நிற்கிறாள். கேள்வியை மாற்ற அனுமதி கேட்டுச் செங்கமலம் கரியப்பனிடம் போனாள். "நல்லா ஓடுறதைப் போய்க் கெடுக்காதேம்மா" என்று அவர் விரட்டிவிட்டார்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. ஓர் இலை நிறையக் கறையானை அள்ளிக்கொண்டு வேலிப் பக்கம் போனாள்.

"ஏ சொர்ணம், மகாராஜா கார்டு எப்படிக் கீச்சும், ஞாபகம் இருக்கா?"

"திறப்பு விழா அன்னிக்கே பாடமாயிடுச்சுக்கா" என்றது மைனா, இலையை எட்டிப் பார்த்தபடி.

"அப்ப முத்துப்பேச்சி வாசலுக்கு வர்றப்ப அதைக் கொஞ்சம் சொல்லேன்."

மைனா கீச்சியது. கதவு மகாராஜாவுக்கு மட்டும் தருகிற மரியாதையோடு விறைத்து நிமிர்ந்து, குளம் அதிர, "மகாராஜா வருகிறார், வழி விடுங்கள்" என்று முழங்கியது.

பன்றிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு, முள் குத்தியதையும் பொருட்படுத்தாமல், எல்லை தாண்டி ஓடின. காலியான குளத்துக்குள் முத்துப்பேச்சி காதை ஆட்டிக்கொண்டு ஒய்யாரமாக நடந்து வந்தாள். சேறு அடங்கும்வரை இருவரும் கரையில் உட்கார்ந்து சிரித்தார்கள், பிறகு வயிறு முட்டக் குடித்தார்கள்.

அதிலிருந்து பன்றிகள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மகாராஜா குளத்துக்கு வருகிறார். குகையில் படுத்துக் குறட்டை விடுகிற மகாராஜாவிடம், தாங்கள் நாள் தவறாமல் நேரில் போய்க் குளத்தைக் காவல் காப்பதாகக் காடே புகழ்கிறது என்று கரியப்பன் சொன்னார். மகாராஜா கொஞ்சம் யோசித்தார். பிறகு, "கடமை என்று ஒன்று இருக்கிறதே" என்றார்.

நீதி: பூட்டில் ஓட்டை இருந்தால் அடைக்கச் சொல்லி யாரிடமும் மன்றாடாதே; திருடனைவிடப் பெரிய பெயராகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு நீயும் அதே ஓட்டை வழியாக உள்ளே போ.